டேங்க் கவரைக் கழற்றிப் பாருங்கள்: பைக் பெயின்ட் தேயாமல் ஃபிலிம் ஒட்டும் முறை

பைக் வாங்கின கிழமையே கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் டேங்குக்கு ரெக்ஸின் கவர் ஒன்று வாங்கிப் போட்டேன். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, வடிவான கவர். நாலு வருடம் அதைக் கழற்றவே இல்லை. போன வருடம் கார்பரேட்டர் வேலைக்காக டேங்கை இறக்க வேண்டி வந்தது. கராஜில் மெக்கானிக் பாஸ் கவரை உருவினதும் நிலத்தில் மணல் கொட்டியது, ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும். முழங்கால் படுகிற இரண்டு பக்கமும் பெயின்ட் பளபளப்பு செத்து, சாம்பல் பூசினதுபோல் இருந்தது. கவரின் இலாஸ்டிக் பிடித்திருந்த விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு. கவரே போடாமல் ஓடுகிற என் தம்பியின் டேங்க் இதைவிட நல்லாயிருந்தது.

கவரின் துணி பெயின்டைத் தேய்க்கவில்லை. கவருக்கும் பெயின்டுக்கும் நடுவில் புகுந்த மணல்தான் தேய்த்தது. அதன்மேல் நான் தினமும் காலால் அழுத்திக்கொண்டு காலி வீதி முழுக்கப் போய்வந்திருக்கிறேன். கம்பனிப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளின் தடிப்புத்தான். மேலே இருக்கிற கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல் அடுக்கு, அதிலும் பாதி வராது. பெயின்ட்மேல் நேரே ஒட்டுகிற, நிறமில்லாத ஃபிலிமில் இந்தப் பிரச்சினை இல்லை, மணல் புக இடமே கிடையாது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் சொந்த வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய பைக்கை நாங்கள் எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்துப் பழகிவிட்டோம். இவ்வளவு மெனக்கெட்டதும் அதனால்தான்.

எங்கே தேய்கிறது?

டேங்கைக் கழுவிக் காயவிட்டு, மெல்லிசாக முகப் பவுடர் தூவுங்கள். வழக்கமாகப் போடுகிற ஜீன்ஸ், பெல்ட்டோடு ஏறி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பவுடர் அழிந்த இடம்தான் ஃபிலிம் ஒட்ட வேண்டிய இடம். எனக்கு முழங்கால் பக்கங்களோடு, சீட்டுக்கு முன்னால் பெல்ட் பக்கிள் இடிக்கிற இடமும் அழிந்திருந்தது. அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சாமான்

ஸ்டிக்கர் கடையில் "கிளியர்" என்று கேட்டால் பெரும்பாலும் பிவிசி லேமினேஷன்தான் தருவார்கள். நம்ம வெயிலுக்கு அது மஞ்சளாகி, இறுகி, உரிக்கும்போது துண்டு துண்டாக உடையும். டிபியு (TPU, இழுபடுகிற ஒரு பிளாஸ்டிக்) ஃபிலிம் என்று கேளுங்கள், 150 முதல் 200 மைக்ரோன் தடிப்பில் வரும். ஒரு சின்னத் துண்டை இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல் திரும்பி வந்தால் அதுதான். இன்சுலேஷன் டேப் மட்டும் வேண்டாம். ஒரு ஏப்ரல் வெயில் போதும், பசை முழுக்க டேங்கிலேயே தங்கிவிடும்.

இன்னும் ஸ்பிரே போத்தல் இரண்டு, ரப்பர் ஸ்குவீஜி, பார்மசியில் ஐசோபுரோபைல் அல்ககோல், பேபி ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி. வீடியோக்களில் எல்லாரும் ஹீட் கன் பிடிக்கிறார்கள். பெற்றோல் டேங்குக்குப் பக்கத்தில் அந்தச் சாமானுக்கு வேலையே இல்லை. ஃபிலிமை இளக்க எனக்கு ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன சுடுதண்ணீர் போதுமாக இருந்தது.

கழுவுதல்

முதலில் பைப் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்குங்கள், அதுவரை துணி படக்கூடாது. மரைன் டிரைவ் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு உப்பும் சேர்ந்திருக்கும், இரண்டு தரம் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவுகிற திரவம் மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் சாதாரண நாளில் கூடாது. இன்றைக்கு அதுதான் வேண்டும். தார்ப்புள்ளி, பழைய பசை இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். கடைசியில் அல்ககோலால் ஒரு துடைப்பு.

டேங்க் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அது கிளியர் கோட்டுக்கு மேலே ஒட்டினது. அதன்மேல் ஃபிலிம் ஒட்டினால், பிறகு உரிக்கும்போது ஸ்டிக்கரும் சேர்ந்து வரும். அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள்.

வெட்டுதல்: நான் விழுந்த பள்ளம்

பத்திரிகைத் தாளை டேங்கில் வைத்து அளவு எடுத்தேன். அந்தத் தாளை ஃபிலிமின் பின்தாளில் வைத்து இரண்டு தரம் வரைந்து, இரண்டு துண்டு வெட்டினேன். முதல் துண்டு அழகாக உட்கார்ந்தது. இரண்டாவதை மற்றப் பக்கம் கொண்டுபோனால் முன்விளிம்பு பின்னுக்கு வருகிறது. திருப்பினால் பசை வெளியே. இரண்டுமே ஒரு கால் செருப்பு! வாங்கின ஃபிலிமில் பாதி அங்கேயே போச்சு.

இப்போது நான் செய்வது இதுதான். ஃபிலிமை, பின்தாளும் பின்தாளும் முகம் பார்க்கிற மாதிரி இரண்டாக மடித்து, கிளிப் போட்டு, ஒரே வெட்டில் இரண்டு துண்டையும் எடுத்துவிடுவேன். இடதும் வலதும் தானாகவே வந்துவிடும். தாளில் ஒரு பக்கம் "வெளி" என்று எழுதித் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கூர் மூலை ஜீன்ஸில் மாட்டி உரியும். ஐந்து ரூபாய்க் குற்றியை மூலையில் வைத்துச் சுற்றி வரைந்து, வட்டமாக வெட்டுங்கள். டேங்கை முழுக்க ஒரே துண்டில் மூடவும் ஆசைப்படாதீங்க. இரண்டு திசையிலும் வளைகிற இடத்தில் ஃபிலிம் சுருங்கி விரல் விரலாக எழும்பும். டேங்கின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டவும் வேண்டாம், பெயின்டும் சேர்ந்து வெட்டுப்படும்.

ஒட்டுதல்

அரை லீட்டர் தண்ணீருக்கு பேபி ஷாம்பூ நாலைந்து துளி. நான் முதலில் மூடி நிறைய ஊற்றினேன். ஃபிலிம் இரவு முழுக்க வழுக்கி, காலையில் இரண்டு அங்குலம் கீழே நின்றது. மற்றப் போத்தலில் மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அல்ககோல்.

டேங்க், பசைப் பக்கம், உங்கள் விரல் எல்லாவற்றையும் ஷாம்பூத் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். ஃபிலிமை வைத்து, நகர்த்தி, இடம் சரியானதும் நடுவிலிருந்து வெளியே ஸ்குவீஜியால் தண்ணீரைத் தள்ளுங்கள். எழும்பி நிற்கிற ஓரத்துக்கு அல்ககோல் தண்ணீர் அடித்து, ஒரு நிமிடம் விட்டு அழுத்தினால் பிடிக்கும். அடம்பிடித்தால் ஒரு துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து மேலே வையுங்கள்.

மறுநாள் பால்போல் மங்கித் தெரியும், பயப்பட வேண்டாம். நீர்க்குமிழ் ஒன்றிரண்டு கிழமையில் போய்விடும். தூசு மாட்டினது போகாது. இரண்டு நாள் மழையில் விடக்கூடாது. அதனால் கொழும்பில் இந்த வேலைக்கு ஜனவரி, பெப்ரவரிதான் தோது.

கேபிள்களை மறக்காதீர்கள்

ஹாண்டிலை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ எங்காவது பெயின்டில் உரசும். அங்கே ஒரு சின்னத் துண்டு ஃபிலிம் ஒட்டுங்கள். கேபிளை ஓரமாக இழுத்து பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டுகிறவர்கள் கவனம். கட்டினபிறகு பைக்கை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் அக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. டையை வெட்டிவிடுங்கள். வெள்ளவத்தைச் சந்தியில் யூ டேர்ன் அடிக்கும்போது அது தெரியவந்தால் கதை வேற.

வீட்டுச் சாவி, அலுமாரிச் சாவி எல்லாம் கோத்த கொத்தையும் பைக்கில் தொங்கவிடாதீங்க. அது ஆடி ஆடியே சாவி ஓட்டையைச் சுற்றிப் பெயின்டைத் தின்றுவிடும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. மேட் பெயின்டுக்குப் பளபள ஃபிலிம் ஒட்டினால் அந்த இடம் மட்டும் மினுங்கும். மேட் ஃபிலிமே தனியாக வருகிறது. மேட்டுக்கு மெழுகு, பொலிஷ் இரண்டும் ஆகாது.

நிற வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன என்று ஒரு அண்ணா கேட்டார். பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கிறது. பைக்கின் நிறமே மாறுகிற அளவுக்கு ஒட்டினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிவரும். கிளியருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

புதிதாகப் பெயின்ட் அடித்த டேங்க் என்றால் ஒரு மாதமாவது பொறுங்கள், பெயின்ட் உள்ளே காய வேண்டும். அவசரப்பட்டு ஒட்டின ஒரு தங்கச்சி, ஃபிலிமை உரித்தபோது பெயின்டும் பிளாஸ்டர்போல் வந்ததென்று படம் அனுப்பியிருந்தார். உரிக்கிறவர்கள் ஃபிலிமைச் சுடுதண்ணீரால் இளக்கி, மேல்நோக்கிப் பிய்க்காமல், டேங்கோடு படிந்தாற்போல் பின்னுக்கு மடித்து மெல்ல இழுங்கள்.