மனு குடுத்து போட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சிருச்சா?

எம்எல்ஏவ பாத்தோம், சால்வை போட்டோம், மனு குடுத்தோம், போட்டோவ குரூப்ல போட்டோம். நம்ம ஊர்ல பாதி தொண்டு நிறுவனத்துக்கு அட்வகசின்னா, அதாவது அரசாங்கத்துகிட்ட பேசி சட்டத்தையோ திட்டத்தையோ மாத்த வைக்கறதுன்னா, இவ்ளோதான், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் ஓட்டிட்டு இருந்தேன்.

எங்க முதல் மனு 14 பக்கம். பிரச்சனையோட வரலாறு, புள்ளிவிவரம், அப்புறம் 22 கோரிக்கை. எம்எல்ஏ நேரா கடைசி பக்கத்த திருப்பிப் பாத்துட்டு "சரிம்மா, இப்ப நான் என்ன பண்ணணும்?"னு கேட்டாரு. எங்ககிட்ட பதில் இல்ல. மனு கல்யாணப் பத்திரிகை அடுக்குக்கு மேல போயிருச்சு.

கடைகள்ல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் வேணும்ங்குற கோரிக்கைய பாருங்க. ஒரே வரி, யாருக்கும் விளக்கவே வேணாம். கேரளா 2018லயே பண்ணிருச்சு, தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல மசோதா வந்து, 1947ல போட்ட கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் ஆச்சு. எந்த சட்டத்த தொடணும்னு தெரிஞ்சுகிட்டுப் போறதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.

அடுத்து நேரம், பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இங்கதான். பட்ஜெட்டுக்கு அப்புறம் துறை துறையா மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையோட செலவுக்கும் சபைகிட்ட ஒப்புதல் கேக்குற விவாதம், நடக்கும், அன்னைக்குத்தான் துறை அமைச்சர் புது அறிவிப்பெல்லாம் வாசிப்பாரு, ஆனா அதுல என்ன வரணும்ங்குறது துறை அதிகாரிங்க மட்டத்துல முன்னாடியே முடிவாகியிருக்கும், நாம விவாதத்துக்கு முதல் நாள் போய் நின்னா என்ன ஆகும். நாங்க முடிஞ்சதுக்கே அப்புறம் போனோம்! பி.ஏ. சிரிச்சுட்டு "அடுத்த வருஷம் வாங்க"ன்னாரு. அந்த பி.ஏ.வ மதிக்காம அவர தாண்டிப் போய் நின்னது தனித் தப்பு, அத விடுங்க.

இன்னொன்னு, ஆளுங்கட்சி எம்எல்ஏகிட்ட போய் "இந்த மசோதாவ எதிர்த்து ஓட்டு போடுங்க"ன்னு கேக்குறது. எப்படி ஓட்டு போடணும்னு கட்சி போடுற கொறடா உத்தரவ மீறினா பதவியே போகலாம், 1985லேர்ந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கு. அவரால முடிஞ்சத கேளுங்க: சட்டசபையில ஒரு கேள்வி, அவசர விஷயத்துக்கு அமைச்சர பதில் சொல்ல வைக்கற கவன ஈர்ப்பு, அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை. எதிர்க்கட்சி எம்எல்ஏவையும் விட்டுறாதீங்க. திமுக எம்பி திருச்சி சிவா அரசு சார்பா இல்லாம தனிநபரா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015ல ராஜ்யசபாவுல நிறைவேறுச்சு, அவர் கட்சி அப்ப மத்தியில ஆட்சியில இல்ல. அது லோக்சபாவத் தாண்டலதான், ஆனா அதுக்கப்புறம் அந்த விஷயத்த யாரும் ஒதுக்கி வைக்க முடியல.

வெளிநாட்டு நிதி வாங்குற அமைப்புன்னா எக்ஸ்ட்ரா கவனம். 2010ல வந்த எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி எம்எல்ஏ, எம்பி யாரும் அந்தப் பணத்த வாங்கக் கூடாது, அதனால அந்தக் கணக்குலேர்ந்து அவங்களுக்கு பரிசு, டிக்கெட்னு எதுலயும் கை வைக்கறதுக்கு முன்னாடி ஆடிட்டர கேட்ருங்க.

அமைச்சர் சபையில "அரசு பரிசீலிக்கும்"னா அதுக்கு ஒண்ணும் அர்த்தமில்ல. அறிவிப்பே வந்தாலும் அரசாணை வரணும், அதுக்கு நிதி ஒதுக்கணும், அதுவரைக்கும் துறைக்கு நடையா நடக்கணும். நாங்க ஒரு தடவ அறிவிப்பு வந்த சாயங்காலமே கேக் வெட்டிட்டோம். அந்த அரசாணை இன்னும் வரல.