வீட்டில் கட்டும் பீட்சா அடுப்பு: வெப்பக்காப்பிலும் பூச்சிலும் நடக்கும் தவறுகள்

நான் கட்டிய முதல் விறகு அடுப்பில் பீட்சாவின் மேல்புறம் கருகியது, அடிப்புறம் வெள்ளையாக, வேகாமல் வந்தது. இத்தனைக்கும் இரண்டு மணி நேரம் விறகு எரிந்திருந்தது. குனிந்து, அடுப்பைத் தாங்கும் கான்கிரீட் சிலாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். கொதிக்கும் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி சுட்டது. பீட்சா வைக்கும் தளத்தில் நிற்க வேண்டிய சூடு முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

தளத்துக்கு அடியில் நான் நிரப்பியிருந்தது வெறும் மணல். மணலும் செங்கல்லும் சூட்டைத் தடுக்கும் என்ற நினைப்பில்தான் பலருடைய அடுப்பும் கெடுகிறது. கனமான பொருள் சூட்டை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். சூட்டைத் தடுப்பது, உள்ளே காற்று அடைபட்ட லேசான பொருள். அடுப்புக்கு இரண்டுமே தேவை: நெருப்பைப் பார்த்த பக்கம் தீச்செங்கல் (கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்), அதற்கு வெளியே காப்பு. நேப்பிள்ஸ் முறைப் பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வேக வேண்டுமென்றால் தளம் 400 டிகிரி செல்சியஸை ஒட்டியும், கூரை அதைவிடக் கூடுதலாகவும் சூடேற வேண்டும். காப்பு இல்லாத அடுப்பும் நிறைய விறகைத் தின்று அந்தச் சூட்டை எட்டிவிடும். ஆனால் மூன்றாவது, நான்காவது பீட்சா போடும்போது தளம் ஆறிப்போயிருக்கும்.

தளத்துக்கு அடியில் 50 மில்லிமீட்டர் கால்சியம் சிலிகேட் பலகை (சூடு தாங்கும் லேசான காப்புப் பலகை) போடலாம். விலை ஒத்துவராவிட்டால் வெர்மிகுலைட் கலவை போதும். மாடித்தோட்டத்துக்காக மூட்டையில் விற்கிறார்களே, அதேதான். 5 பங்கு வெர்மிகுலைட்டுக்கு 1 பங்கு சிமெண்ட், 100 மில்லிமீட்டர் கனம். ஆட்கள் சறுக்குவது கலக்குவதில். ஜல்லிக் கலவை மாதிரி மிஷினில் போட்டு வெகுநேரம் சுற்றினால் செதில்கள் நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று போய்விடும். தண்ணீரையும் கைக்கு வந்தபடி கொட்டிவிடுவார்கள். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையுறை மாட்டிய கையால் பிசறுங்கள். கொட்டியபின் கரணையால் அடித்து இறுக்கக் கூடாது. மட்டப்பலகையால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

கூரைக்கு 25 மில்லிமீட்டர் செராமிக் ஃபைபர் கம்பளி, அதாவது சூடு தாங்கும் இழைகளாலான போர்வை. ஒரு சுற்று போதாது, இரண்டு கட்டாயம், மூன்று இருந்தால் நல்லது. முதல் சுற்றின் இணைப்புக்கு மேல் இரண்டாம் சுற்றின் இணைப்பு வராதபடி மாற்றி மாற்றிப் போர்த்த வேண்டும். கம்பியால் இறுக்கிக் கட்டி நசுக்கிவிட்டால் மூன்று சுற்று போட்ட பலன் கிடைக்காது. இந்தக் கம்பளியை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இழையை, மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. அன்று போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். செலவு குறையும் என்று தெர்மாகோலை வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது 100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்.

சரி, போர்த்தியாகிவிட்டது. அப்புறம் எல்லோருக்கும் ஒரு அவசரம் வரும்: அடுத்த நாளே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிட வேண்டும் என்று. அங்கேதான் நிறுத்த வேண்டும். செங்கல், சாந்து, தளக் காப்பு எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு பருமனாகும். வெளியே போக வழியில்லாவிட்டால் சாந்தைப் பிளந்துகொண்டு போகும். பிளக்காவிட்டாலும் நஷ்டம்தான், ஏனென்றால் அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நனைந்த கம்பளி காப்பே இல்லை.

கட்டி முடித்து ஒரு வாரமாவது விட்டு, கம்பளி போர்த்தியபின், பூசுவதற்கு முன் சிறு தீ மூட்டத் தொடங்குங்கள். முதல் நாள் 100 டிகிரியைச் சுற்றி நாலைந்து மணி நேரம். பிறகு நாளுக்கு 40, 50 டிகிரி கூட்டிக்கொண்டே போய், ஒரு வாரத்தில் முழுச் சூட்டுக்கு வாருங்கள். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மிதமான தீ எரியும்போது கம்பளி மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள். அரை மணி கழித்துத் தூக்கிப் பார்த்தால் ஷீட்டின் உள்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். என் இரண்டாவது அடுப்பில் ஐந்தாம் நாள்கூட அப்படி நின்றது. ஷீட் காய்ந்து வரும்வரை பூச்சைத் தள்ளிப்போட்டேன்.

பூச்சில் நடக்கும் பெரிய தவறு, கொத்தனாரின் நல்ல பழக்கத்தால் வருவது. சுவர் பூசினால் மறுநாள் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பார்கள். சுவருக்கு அது சரி. அடுப்பில் அடித்தால் ஒரு வாரம் காய வைத்த கம்பளி மறுபடி குடித்துவிடும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஈரச் சாக்கைப் பிழிந்து போர்த்தினால் போதும்.

கம்பளி மேல் நேராகச் சிமெண்ட் பூச்சும் வேண்டாம், அது மெத்தை மேல் பூசுவது போல. முதலில் கோழிவலையைப் போர்த்தி, 8 பங்கு வெர்மிகுலைட்டுக்கு 1 பங்கு சிமெண்ட் என்ற கலவையை இரண்டு விரல் கனத்துக்கு அப்பி உருவத்தைச் சரிசெய்யுங்கள். அதையும் காய விடுங்கள். அதற்கு மேல் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. சுண்ணாம்பு சேர்ந்தால் பூச்சு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், ஆவியையும் வெளியே விடும். தனிச் சிமெண்ட் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் வெடிக்கும்.

எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: கூரை, அடுப்பு வாயின் முகப்பு வளைவைத் தொடும் இடத்திலும், புகைபோக்கியைச் சுற்றியும். 1 மீட்டர் அகலக் கூரை 400 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். முகப்பு அவ்வளவு சூடாகாது. இரண்டையும் ஒரே பூச்சாக இழுத்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? அங்கே ஒரு விரல் இடைவெளி விட்டு சூடு தாங்கும் செராமிக் கயிற்றால் அடைத்துவிடுங்கள். உள்ளே செங்கலில் தெரியும் மயிரிழை வெடிப்புகளுக்குப் பயப்பட வேண்டாம், அவை எல்லா அடுப்பிலும் வரும்.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்டை உடனே அடிக்காதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். உச்சியில் பூச்சைத் துளைத்துக் கம்பளிவரை போகும் சிறு குழாய் ஒன்றை வைத்து, மழை இறங்காதபடி மூடி போடுங்கள். ஈரம் அது வழியாகப் போய்விடும். எந்தப் பூச்சும் ஐப்பசி மழையை முழுக்கத் தாங்காது, அதனால் மேலே ஒரு தகரக் கொட்டகை போடுவதுதான் உருப்படியான வழி. தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே கிடக்கும்.

அடைமழை முடிந்து முதல் தடவை பற்றவைக்கும்போது சுள்ளித் தீயில் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குழாய் வாயில் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் காட்டுங்கள். ஆவி படிந்தால் பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பீட்சாவை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.