டைப் பிழைச் செய்தியை வெட்டாதீர்கள், பிரித்து அடுக்குங்கள்

டைப்ஸ்கிரிப்ட்டுக்குப் (மதிப்புகளின் வகையை, அதாவது டைப்பை, முன்கூட்டியே சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்) புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பிழை திருத்தும்போது, அதே சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி போன்றவற்றை எடிட்டரே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அவை வேண்டாம்.

முதல் வரியோடு நிறுத்திக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். செய்தி நீளமாக இருக்கிறது என்று, முதல் வரியை மட்டும் நிரல் வரிக்குப் பக்கத்தில் காட்டும்படி எடிட்டரை அமைத்துவிடுகிறார்கள். முழுச் செய்தியைத் திறந்து பார்ப்பதே இல்லை.

கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கருவி) பிழையை வெளியிலிருந்து உள்ளே போய்ச் சொல்கிறது. ‘இந்த டைப் அந்த டைப்புக்குப் பொருந்தாது’ என்பது முதல் வரி. அதற்குக் கீழே ஒவ்வொரு வரியும் ஒரு படி உள்ளே தள்ளி வரும். உண்மையான காரணம் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு 2322 பிழை வந்தது: ‘ஆர்டர்’ டைப் ‘இன்வாய்ஸ்’ டைப்புக்குப் பொருந்தவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபீல்டு ஃபீல்டாக ஒப்பிட்டுச் சலித்துப்போய், ‘ஆஸ் எனி’ (எந்த டைப்பாகவும் எடுத்துக்கொள் என்பது) போட்டுக் கம்பைலரின் வாயை அடைத்துவிட்டார். அவர் பார்க்காத கடைசி வரியில் இருந்தது இவ்வளவுதான்: ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பே இல்லாதது), ‘ஸ்டிரிங்’குக்கு (எழுத்துத் தொடர்) பொருந்தாது. அதற்கு ஓரிரு வரி மேலே, முகவரிக்குள் இருக்கும் ‘ஸ்ட்ரீட்’ என்ற ஃபீல்டின் பெயரும் இருந்தது. ஆர்டரில் அந்த ஃபீல்டுக்குக் கேள்விக்குறி (இல்லாமலும் இருக்கலாம் என்று பொருள்) உண்டு, இன்வாய்ஸில் இல்லை. தெருப் பெயர் இல்லாத ஆர்டர் ஒன்று வந்ததும், ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ‘ட்ரிம்’ அழைத்த இடத்தில் புரோகிராம் விழுந்தது. கம்பைலர் முன்கூட்டியே சொன்ன பிழை அது! அதைக் கண்ணில் படாமல் செய்தது நம் வசதிக்காகப் போட்ட அமைப்பு.

படிக்க எளிதாக்குவது என்றால் டைப்புகளை வரி வரியாக உடைத்து, நிறம் கொடுத்து, கடைசி வரியைக் கண்ணில் படும்படி வைப்பது. விஎஸ் கோட் எடிட்டரில் ‘பிரெட்டி டிஎஸ் எரர்ஸ்’ எக்ஸ்டென்ஷன் டைப்புகளை அப்படி அழகாகப் பிரித்துக் காட்டுகிறது.

நடுவில் விழுங்கப்பட்ட டைப்

‘இன்னும் 6’ என்கிற மாதிரி முற்றுப்புள்ளிகளோடு டைப் சுருங்கி வந்தால், டிஎஸ்கான்ஃபிக்கில் (புராஜெக்டின் அமைப்புக் கோப்பு) ‘நோஎரர்ட்ரங்கேஷன்’ அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். பெரிய யூனியன்கள் (பல டைப்புகளில் ஏதாவது ஒன்று என்னும் டைப்) உள்ள புராஜெக்டில் செய்தி பக்கம் பக்கமாக நீளும். பிழை தீர்ந்ததும் எடுத்துவிடலாம்.

பெயரில்லாத டைப்புகள்

ஒரு டைப்பிலிருந்து சில ஃபீல்டுகளை மட்டும் எடுக்கும் ‘பிக்’, சிலவற்றை விட்டுவிடும் ‘ஒமிட்’ எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் செய்தியிலும் அந்தக் கூளமே வரும். இன்டர்ஃபேஸாக எழுதிப் பெயர் வைத்தால் செய்தியில் பெயர் மட்டும் வரும்.

2769: பொருந்தும் ஓவர்லோடு இல்லை

ஒரே ஃபங்ஷனுக்கு ஓவர்லோடுகள், அதாவது வெவ்வேறு அழைப்பு வடிவங்கள், நிறைய இருந்தால், கடைசி ஓவர்லோடின் பிழைதான் விரிவாக வரும். நீங்கள் அழைக்க நினைத்தது அதுவாக இல்லாமல் போகலாம்.

பிழை எண்ணை மறைப்பது

கூடாது. தேடுவதற்கு அதுதான் பிடி.

டிஎஸ்-இக்னோர்

இந்தக் குறிப்பு அடுத்த வரியின் பிழையை மறைத்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் அதற்குப் பதில் ‘டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர்’ போடுங்கள். டைப்ஸ்கிரிப்ட் 3.9 பதிப்பிலிருந்து இருக்கிறது. பிழை சரியான பிறகும் அந்த வரி மிச்சமிருந்தால் கம்பைலரே சுட்டிக்காட்டும்.