ஒரே வாய்க்கால், இரண்டு கோடுகள்

2004-இல் தொடங்கப்பட்ட, யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பாசன வாய்க்கால்களைச் சேர்ப்பதற்காகத் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய ஊர்களிலிருந்து ஐந்து பேர் இணைந்தோம். தலைவர் என்று எவரும் இல்லை. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதைப் போல வேலையும் தானாகப் பிரிந்துவிடும் என்று நான் நம்பியது பிழை. ஒரே வாய்க்காலை இருவர் வரைந்திருந்தோம். அவற்றுள் ஒன்று, நீர் கடைசியாகச் சேரும் கடைமடையிலிருந்து, நீர் திறந்துவிடப்படும் தலைமதகை நோக்கிச் சென்றது. கோடு வரையப்படும் திசையே நீரோட்டத் திசையாகக் கொள்ளப்படுவதால், தண்ணீர் மேடேறுவதாகப் பொருள்பட்டது. கடைமடை விவசாயிகள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே அறிவிக்கலாம் என்றேன். காலை வணக்கப் படங்களுக்கிடையே அறிவிப்புகள் மூழ்கிப்போயின. பின்னர் ஊர்வாரியாகப் பிரிப்பதை விட்டு, ஒவ்வொரு மதகுக்கும் கீழுள்ள பரப்பை ஒருவருக்கு ஒதுக்கிப் பொது விரிதாளில் பதிந்தோம். மதகின் பெயரையும், நேரில் பார்த்ததா அல்லது செயற்கைக்கோள் படத்தில் கண்டதா என்பதையும் ஒவ்வொரு திருத்தக் குறிப்பிலும் எழுதுவதைக் கட்டாயமாக்கினோம். இரட்டைக் கோடுகளுள், திருத்த வரலாறு அறுபடாதிருக்க, பழையதை வைத்துக்கொண்டு புதியதன் விவரங்களை அதில் சேர்த்தேன். ஒரே வாய்க்காலுக்கு மேலூரில் ஒரு பெயர், கீழூரில் வேறு பெயர் என்ற சிக்கலை, வரைபடத்தில் மாற்றுப் பெயரைப் பதிவதற்கென உள்ள புலம் தீர்த்துவைத்தது.