ஏரிக்கரையில் நகராட்சி எல்லை: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்துவது எப்படி?

சுவிட்சர்லாந்தின் தூன் ஏரியைச் சுற்றி ஸ்பீட்ஸ், ஹில்டர்ஃபிங்கன், ஓபர்ஹோஃபன் என்று வரிசையாக நகராட்சிகள் இருக்கின்றன. அங்கே வாழும் தமிழர்கள் இவற்றைக் ‘கெமைண்ட’ என்றே சொல்வார்கள். ஆனால் ஏரி இந்த நகராட்சிகளில் எதற்கும் சேராது. தண்ணீர்ப் பரப்பு நேரடியாகப் பெர்ன் மாநிலத்தின் கீழ் வருகிறது. புள்ளிவிவரத் துறை அதற்கு 9073 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறது. பக்கத்திலுள்ள பிரியன்ஸ் ஏரியும் இப்படித்தான். அதனால் நகராட்சி எல்லைகள் கரையோரமாகவே ஓடுகின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையத் தொடங்கும் புதியவர்கள், கரையும் எல்லையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவதும் இங்கேதான்.

இரண்டும் வேறு. காண்டர் ஆறு 1714 வரை இந்த ஏரிக்குள் வரவில்லை. தூன் நகரைத் தாண்டிப் போய் ஆரே ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. வெள்ளத்தைத் தடுக்கக் கால்வாய் வெட்டி ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆறு கொண்டுவந்து தள்ளும் சரளையும் மணலும் சேர்ந்து, முகத்துவாரத்தில் புது நிலமே உருவாகிவிட்டது. அங்கே கரை இன்றைக்கும் நகர்கிறது. ஆனால் எல்லை நில அளவை ஆவணத்தில் உள்ள கோடு. ஆவணம் மாறினால்தான் அது மாறும்.

நான் முதலில் தவறு செய்ததும் அதே முகத்துவாரத்தில்தான். வான்படத்தில் சரளைத் திட்டு ஏரிக்குள் நீண்டு தெரிந்தது. கரைக்கோட்டை இழுத்துச் சரிசெய்தேன். எல்லைக்கோடும் அதே புள்ளிகளில் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியவில்லை. கரையோடு நகராட்சியின் எல்லையும் நகர்ந்துவிட்டது. வேறொரு பங்களிப்பாளர் பொறுமையாக எழுதி விளக்கிய பிறகுதான் புரிந்தது.

சரி, வேலையைத் தொடங்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தக் கணினியில் நிறுவிக்கொள்ளும் ஜேஓஎஸ்எம் (JOSM) மென்பொருள் வேண்டும். உலாவியிலேயே திருத்தும் ஐடி எடிட்டர் கடை, தெரு சேர்க்கப் போதும். எல்லை வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: நம்பகமான தரவு

சுவிஸ் அரசின் நில அளவை நிறுவனமான சுவிஸ்டோப்போ, 2021 மார்ச் 1 முதல் தன் தரவுகளை இலவசமாகத் தருகிறது. அதில் எல்லைகள் அடங்கிய ‘சுவிஸ்பவுண்டரிஸ்3டி’ தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எல்லை வரையவே கூடாது, உரிமம் இடம் தராது.

படி 2: ஆயத்தொலைவு மாற்றம்

அந்தக் கோப்பு எல்வி95 என்ற சுவிஸ் ஆயத்தொலைவு முறையில் இருக்கும். எண்கள் 26 லட்சம், 12 லட்சம் என்ற அளவில் தெரிந்தால் அதுதான். க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் திறந்து, உங்களுக்கு வேண்டிய ஒரு நகராட்சியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறைக்கு மாற்றி ஜியோஜேசன் கோப்பாகச் சேமியுங்கள். ஒன்று மட்டும் போதும். மொத்தமாக ஏற்றுவது ‘இம்போர்ட்’ ஆகிவிடும். அதற்கு முன்கூட்டியே அந்த நாட்டுப் பங்களிப்பாளர்களுடன் பேசி ஒப்புதல் பெற வேண்டும்.

படி 3: ஏற்கெனவே இருப்பதைப் படித்தல்

ஜேஓஎஸ்எம்மில் அந்தக் கோப்பைத் திறந்து, அந்தப் பகுதியின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவையும் இறக்கி, நகராட்சியின் ரிலேஷனை (பல கோடுகளைச் சேர்த்து ஒரே எல்லையாக்கும் தொகுப்பு) தேர்ந்தெடுத்து, விடுபட்ட உறுப்புகளையும் இறக்குங்கள். ‘பவுண்டரி=அட்மினிஸ்ட்ரேட்டிவ்’, ‘அட்மின் லெவல்=8’ என்ற குறிச்சொற்கள் இரண்டும் இருக்க வேண்டும். பெர்ன் போன்ற மாநிலத்துக்கு லெவல் 4. அப்புறம் கன்ட்ரோல்+எச் அழுத்தி வரலாற்றைப் பாருங்கள். யாராவது காரணம் சொல்லி மாற்றியிருந்தால், கை வைப்பதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 4: கரையையும் எல்லையையும் பிரித்தல்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். கரையோரக் கோட்டைச் சொடுக்கி, அது எந்தெந்த ரிலேஷனில் உறுப்பு என்று பாருங்கள். இரண்டு விதமாக இருக்கலாம்.

கரைக்கு ஒரு கோடு, எல்லைக்கு ஒரு கோடு என்று இருந்து, புள்ளிகள் மட்டும் பொதுவாக இருந்தால் எளிது. எல்லைக்கோட்டைத் தேர்ந்தெடுத்து ஜி அழுத்தினால் புள்ளிகள் பிரிந்துவிடும். பிறகு புதுத் தரவைப் பார்த்து எல்லையை மட்டும் நகர்த்தலாம்.

ஒரே கோடு ஏரி ரிலேஷனிலும் நகராட்சி ரிலேஷனிலும் உறுப்பாக இருந்தால் கவனம் தேவை. அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள், ஏரி உடைந்துவிடும். புதுத் தரவில் ஏரிப்பக்கம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது? பக்கத்து நகராட்சியின் எல்லை மலையிலிருந்து இறங்கிவந்து கரையைத் தொடும் புள்ளியில். ஓபர்ஹோஃபன் என்றால் ஹில்டர்ஃபிங்கன் எல்லை வந்து சேரும் இடம் ஒரு முனை. முனைப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து பி (P) அழுத்தினால் கோடு பிரியும். ஏரிப்பக்கத் துண்டை நகலெடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு உள்ள அடுக்குக்குப் போய், கன்ட்ரோல்+ஆல்ட்+வி கொண்டு அதே இடத்தில் ஒட்டுங்கள். தரவோடு வந்த குறிச்சொற்களை நீக்கிவிட்டு எல்லைக்கான குறிச்சொற்களைப் போடுங்கள். நகராட்சி ரிலேஷனில் பழைய கோட்டை எடுத்துவிட்டு, அதே வரிசையில் இதை ‘அவுட்டர்’ (வெளிவிளிம்பு) என்று சேருங்கள். பழைய கோடு மாவட்டம் போன்ற வேறு எல்லை ரிலேஷனிலும் இருந்தால் அங்கேயும் இதே மாற்றம். கடைசியாக, பழைய கோட்டில் எல்லைக் குறிச்சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் நீக்குங்கள்.

இரு முனைகளும் பக்கத்து எல்லையின் புள்ளியோடு உண்மையிலேயே இணைந்திருக்க வேண்டும். தொட்டதுபோலத் தெரிவது போதாது. பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 5: சோதித்து ஏற்றுதல்

ரிலேஷன் பட்டியலில் கோடுகள் ஒரே வளையமாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, ஷிப்ட்+வி அழுத்திச் சரிபார்ப்பை ஓட்டுங்கள். ஏற்றும்போது எந்த நகராட்சி, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரியும், மூலம் சுவிஸ்டோப்போ என்று ஆண்டோடும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. போடன் ஏரிப் பக்கம் இந்த முறையைக் கொண்டுபோகாதீர்கள். அதன் பெரிய பகுதியான ஓபர்சேயில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் ஒப்புக்கொண்ட எல்லையே கிடையாது. நடுக்கோடுதான் எல்லை என்பது சுவிஸ் தரப்பு. ஆழமான பகுதி மூவருக்கும் பொது என்பது ஆஸ்திரியத் தரப்பு. அங்கே திருத்துவதற்குச் ‘சரியான’ கோடே இல்லை.

ஏற்றிக் கொஞ்ச நேரம் கழித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கேள்விக்குறி அம்பை எடுத்துக் கரையோர வீடு ஒன்றின்மேல் சொடுக்குங்கள். சூழ்ந்திருக்கும் எல்லைகளின் பட்டியலில் அந்த நகராட்சி வர வேண்டும். அடுத்து ஏரியின் நடுவில் சொடுக்குங்கள். பெர்ன் வரும், சுவிட்சர்லாந்து வரும். நகராட்சியின் பெயர் எதுவும் வரக் கூடாது.