நன்னாரி இஞ்சி சோடா: எதை எப்பப் போடணும்?

மதுரைல சித்திரை வெயில் ஏறிட்டா நன்னாரி சர்பத் விக்காத தெரு கிடையாது. அதையே வீட்டுல இஞ்சியோட நொதிக்க வச்சு, தானா கேஸ் கட்டுன சோடாவா ஆக்குறதுதான் இந்தப் பதிவு. இஞ்சி, சீனி, எலுமிச்சை எல்லாம் வீட்டுலயே இருக்கும், நன்னாரி வேர மட்டும் கீழமாசி வீதி பக்கம் நாட்டு மருந்துக் கடைல கேளுங்க. வாங்குறப்ப நகத்தால சுரண்டி மோந்து பாருங்க, வாசம் குப்புனு வரலைனா பழைய சரக்கு, வச்சுட்டு வந்துருங்க.

முதல்ல இஞ்சி உறை, அதாவது சோடாவ நொதிக்க வைக்குற ஈஸ்ட் தண்ணி. கண்ணாடி ஜாடில ரெண்டு கப் தண்ணி, தினமும் ஒரு ஸ்பூன் தோலோட துருவுன இஞ்சி, ஒரு ஸ்பூன் சீனி, துணி கட்டி மூடி தினமும் கிண்டி விடுங்க. நம்மூர் சூட்டுக்கு மூணு நாலு நாள்ல நுரை கட்டிரும். தோல சீவிராதீங்க, ஈஸ்ட் இருக்குறதே அதுலதான். கார்ப்பரேஷன் தண்ணினா கொதிக்க வச்சு ஆறவச்சு ஊத்துங்க, குளோரின் இருந்தா உறை எந்திரிக்காது.

இனி முக்கியமான இடம். நெறைய பேரு இஞ்சி, நன்னாரி, சீனி எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு கொதிக்க விட்டுர்றாங்க. வீடே கமகமன்னு மணக்கும், ஆனா வீட்டுல மணந்த வாசம் பாட்டில்ல எப்படிங்க இருக்கும்? மிச்சம் கசப்பும் துவர்ப்பும்தான். அதனால வேர நச்சு, நடுவுல இருக்குற வெள்ளத் தண்ட உருவித் தூரப் போட்டுட்டு, தோல மட்டும் ஒரு டம்ளர் வெந்நீர்ல போட்டு, இறுக்கி மூடி ராத்திரி பூரா ஊற விடுங்க. காலைல காப்பி டிகாஷன் கலர்ல இறங்கியிருக்கும். அடுப்பு பக்கமே கொண்டு போகக் கூடாது.

லண்டன்ல இருக்குற எங்க மச்சான் வீட்டுலயே போர்ட்டர்ங்குற கருப்பு பீர் காய்ச்சுவாரு. அங்க 1963லருந்தே சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் தேவையில்ல, நம்மூர்ல மதுவிலக்குச் சட்டம் இருக்கு, அந்த வேலையே வேணாம். ஆனா பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்குற ஹாப்ஸ்ங்குற பூவ அவரு போடுற கணக்கு நமக்கு உதவும். ஃபகிள், கோல்டிங்ஸ்னு ரக ரகமா இருக்குற அந்தப் பூவ ஒரு மணி நேரம் கொதிக்க விட்டா கசப்பு நல்லா இறங்கும், வாசம் ஆவியாப் போயிரும். வாசம் வேணும்னா அடுப்ப அணைக்குறப்பதான் போடணும். போர்ட்டர்ல வறுத்த மால்ட்டுதான் (முளைகட்டுன பார்லி) முன்னாடி நிக்கணும்ங்கறதால முக்கால்வாசிய ஆரம்பத்துலயே போட்டுட்டு கடைசில பேருக்குத்தான் தூவுவாராம். நமக்கு இஞ்சி ஆரம்பத்துல, நன்னாரி கடைசில, அவ்ளோதான்.

ஒரு லிட்டர் தண்ணில 40 கிராம் இஞ்சிய நச்சுப் போட்டு பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, 80 கிராம் சீனி கரைச்சு, வடிகட்டி, கை பொறுக்குற சூடுகூட இல்லாம நல்லா ஆற விடுங்க. அப்புறம் நன்னாரித் தண்ணி, ஒரு எலுமிச்சை சாறு, கால் கப் உறை கலந்து உடனே பாட்டில்ல அடைச்சிருங்க, தொறந்து வச்சா கெளம்புற கேஸோட வாசமும் போயிரும். கண்ணாடி பாட்டில் பாக்க அழகுதான், ஆனா நான் பிளாஸ்டிக் சோடா பாட்டிலத்தான் சொல்லுவேன், அமுக்கிப் பாத்தே கேஸ் தெரிஞ்சுரும், கண்ணாடி வெடிச்சா ஆபத்து. மேல ரெண்டு இஞ்ச் காலியா விடுங்க. ஒரு நாள்லயே கல்லு மாதிரி இறுகிரும், உடனே ஃபிரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாள்ல குடிச்சு முடிச்சிருங்க, வெளிய கெடக்கக் கெடக்க ஆல்கஹால் ஏறும்.

அப்டேட்: கேஸே வரலைனு சிலர் கேட்டிருக்கீங்க. விசாரிச்சா வேருக்குப் பதிலா கடைல விக்கிற நன்னாரி சிரப்ப ஊத்தியிருக்காங்க. லேபிள்ல சோடியம் பென்சோயேட்னு போட்டிருக்கா பாருங்க, கெட்டுப் போகாம இருக்க சேக்குறது, ஈஸ்ட்டையும் அடக்கிரும். சிரப்புதான் இருக்குனா நன்னாரி இல்லாம இஞ்சி சோடாவ முடிச்சுட்டு, குடிக்குறப்ப டம்ளர்ல ஊத்திக்கங்க.