அடிக்கடி அணைந்து எழும் கணினி: மலையில் இருப்பவர்கள் எங்கிருந்து தேட வேண்டும்?

கணினி தானாக அணைந்து மறுபடி ஓடத் தொடங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், 'ஃபார்மெட் போட்டுவிடுங்கள்' என்பதுதான். எங்கள் கோத்தகிரியில் இதை நம்பிப் பலர் சிபியுவைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோகிறார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கி வருகிறார்கள். கடையில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய கணினி, வீட்டில் மாட்டிய அன்று சாயங்காலமே மறுபடி அணைகிறது. பல வீடுகளில் கோளாறு மின் இணைப்பிலோ சுவரின் ஈரத்திலோ இருக்கிறது. அவற்றைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சமவெளியில் முதலில் சூட்டைச் சந்தேகிப்பது சரி. நீலகிரியில் மின்சாரம், ஈரம், அதன் பிறகு சூடு, ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்), டிஸ்க், எல்லாவற்றுக்கும் கடைசியில் விண்டோஸ் என்று போவதே நல்லது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு வேலை. கணினி அடுத்து எழும்போதே பிள்ளைகளின் பாடக் கோப்புகள், குடும்பப் படங்கள், பச்சைத் தேயிலைக் கணக்கு எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று அணையும் டிஸ்க்கை நம்பக்கூடாது.

எப்படி அணைகிறது என்று பாருங்கள்

எந்தத் திரையும் வராமல் விளக்கு அணைவதுபோலச் சட்டென்று அணைகிறதா, அல்லது நீல நிறத்தில் பிழைத் திரை தோன்றி அதன் பிறகு அணைகிறதா? இந்த ஒரு விடை பாதி வேலையை முடித்துவிடும். விண்டோஸ் 11-இல் 2025-இல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு அந்தத் திரை கருப்பாக வரும், பொருள் ஒன்றுதான்.

பிழைத் திரை படிப்பதற்குள் மறைந்துவிடும். அதை நிறுத்திவைக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட், அதில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று போங்கள். திறக்கும் சிறிய பெட்டியில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதிக்குக் கீழே உள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இனி பிழைத் திரை அப்படியே நிற்கும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கை எடுத்த பிறகும் எந்தத் திரையும் இல்லாமல் அணைந்தால், விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 'கெர்னல்-பவர்' என்ற பெயரும் 41 என்ற எண்ணும் சிவப்புக் குறியோடு இருக்கும். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதன் விவரத்தில் பக்செக் கோட் (பிழைத் திரையின் எண்) பூஜ்யம் என்று இருந்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கமே தேட வேண்டும்.

பயாஸ் சோதனை

ஃபார்மெட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கணினியை ஆன் செய்தவுடன் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ விடாமல் தட்டினால், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸின் திரை வரும். எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்தத் திரையில் விண்டோஸ் ஓடுவதே இல்லை. இங்கேயும் அணைந்தால், எத்தனை முறை ஃபார்மெட் போட்டாலும் கோளாறு போகாது. இங்கே அணையாமல் நின்றதை மட்டும் வைத்து வன்பொருள் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். பயாஸில் கணினிக்கு வேலைச்சுமை குறைவு.

மின்சாரம்

அணையும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வாருங்கள். பக்கத்தில் அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது என்றும் எழுதுங்கள். கீஸர் போட்டதும், ரூம் ஹீட்டர் போட்டதும், தண்ணீர் மோட்டார் ஓடியதும் என்று எழுத எழுதக் காரணம் தானே தெரியவரும். உறைபனிக் காலத்தில் சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு ஹீட்டர் எரிகிறது, வோல்டேஜ் இறங்குகிறது. மழைக்காலத்தில் கற்பூர மரக்கிளை கம்பியில் உரசினால் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் விட்டு வரும். பல்பு லேசாகக் கண்சிமிட்டும். கணினி அணைந்து எழும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) சில, 200 முதல் 240 வோல்ட் வரைக்குமே செய்யப்பட்டவை. கணினியின் பின்பக்கம் அல்லது எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டிய தாளில் இது அச்சாகியிருக்கும். வோல்டேஜ் அடிக்கடி அதற்குக் கீழே போனால் ஸ்டெபிலைசரோ நல்ல யுபிஎஸ்ஸோ தேவை. அளக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் இருந்தும் அணைகிறது என்றால் அதன் பேட்டரி செத்திருக்கலாம். கணினியைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு மேசை விளக்கை மாட்டுங்கள். சுவர் ஸ்விட்சை அணையுங்கள். விளக்கு உடனே அணைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால், வயதான பேட்டரி டிசம்பர், ஜனவரியில்தான் கைவிடும். ஹீட்டரும் கணினியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். இது கணினியைவிட வீட்டுக்கு ஆபத்து.

ஈரம்

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை. எப்படியும் ஆண்டில் சில மாதங்கள் துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். அதே ஈரம் ராம் பட்டையின் பித்தளை நிறப் பற்களிலும் படிகிறது.

கணினியை அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ராம் பட்டையின் இரு முனையிலும் உள்ள கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் பட்டை மேலே எழும்பும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பற்கள் பளபளப்பு மங்கி, புகை படிந்த மாதிரிப் பழுப்பாக இருந்தால் அதுதான் தொடர்பைக் கெடுக்கிறது. பென்சில் ரப்பரால், மென்மையான வெள்ளை ரப்பராக இருந்தால் நல்லது, ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். மூன்று நான்கு தேய்ப்பில் நிறம் திரும்பும். ரப்பர் துகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். திரும்ப மாட்டும்போது கொக்கிகள் 'டிக்' என்று பூட்டும் வரை அழுத்துங்கள்.

சிபியுவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் கிடந்த கணினியை, வந்து இறங்கியதும் ஹீட்டரைப் போட்டு உடனே ஆன் செய்வது கெடுதல். அறை கதகதப்பாகும்போது குளிர்ந்த உலோகத்தில் நீர்த்துளி படியலாம். இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள்.

சூடு

குளிர் ஊர் என்பதால் இதை விட்டுவிட முடியாது. விறகடுப்பு எரியும் வீட்டில் புகைக்கரி ஃபேனில் பிசுபிசுப்பாக ஒட்டுகிறது; பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். பயாஸ் திரையில் ப்ரொசெசர் வெப்பநிலை தெரியும். சும்மா நிற்கும்போதே 80 டிகிரிக்கு மேல் இருந்தால் ஃபேன் ஓடவில்லை, அல்லது ப்ரொசெசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. மதர்போர்டில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ராம், டிஸ்க், விண்டோஸ்

தேடல் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடுங்கள். இரண்டு ராம் பட்டைகள் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு நாள், மற்றதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. டிஸ்க்குக்கு, சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதியில் உள்ள செக் பொத்தான் போதும். கோளாறு சமீபத்தில் தொடங்கியிருந்தால், அப்போது புதிதாகப் போட்ட டிரைவரையோ (ஒரு வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அப்டேட்டையோ நீக்கிப் பாருங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸுக்கு, போகும் வழி வரும். அங்கே அணையாமல் ஓடினால் டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஃபார்மெட் இதற்கெல்லாம் பிறகுதான்.

கடைக்கே கொண்டுபோக வேண்டியிருந்தால்

நேரம் குறித்த தாளையும் பிழைத் திரையின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். 'பயாஸிலும் அணைகிறது, ராம் சுத்தம் செய்தாகிவிட்டது' என்று சொன்னால் மெக்கானிக் நேரே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பார். பஸ்ஸில் சிபியுவை நிமிர்த்தி வைக்காமல், மதர்போர்டு அடியில் வருமாறு படுக்கவையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் கிராஃபிக்ஸ் கார்டு சாக்கெட்டிலிருந்து தளராது. காலைப் பனியில் குளிர்ந்த கணினி, கீழே உள்ள வெப்பக் காற்றில் வியர்க்கும். கடையில் இறக்கியவுடன் ஆன் செய்ய வேண்டாம், சிறிது நேரம் திறந்து வைத்திருக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.